இரும்பை ஊமையாக்காதீர்கள்: வாசகர் கேள்வி – பதில்

வேலிக்கு அடியில் கிண்டும்போது அகப்பட்ட ஒரு பழைய சதத்தைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்து சேர்ந்த கடிதங்களைப் பார்த்தால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உலோகம் தேடும் கருவி வாங்காத இளைஞர்கள் குறைவு என்று எண்ணத் தோன்றுகிறது. கண்ணிவெடி அகற்றும் பணியில் எட்டு ஆண்டுகள் அதே குடும்பத்தைச் சேர்ந்த கருவியோடு முழங்காலில் இருந்தவன் நான் என்பதால், இம்மாதப் பக்கத்தை முழுமையாக அக்கடிதங்களுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: நாங்கள் ஒன்றாகப் படித்த நான்கு நண்பர்கள். கட்டாரில் வேலை செய்த எனது மச்சான் ஊர் திரும்பியபோது உலோகம் தேடும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் இளைஞர்கள் குழுவாகச் சென்று போர்க்காலத்துப் பொத்தான்களையும் தலைக்கவசங்களையும் தோண்டி எடுக்கும் காணொளிகளைப் பார்த்து எங்களுக்கும் ஆசை வந்துள்ளது. விடுமுறை நாட்களில் குடும்பிமலைப் பக்கம் போகத் திட்டமிட்டுள்ளோம். எமது மாவட்டத்தில் மிதிவெடி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள் அல்லவா? கருவியில் இரும்பைத் தவிர்க்கும் வசதியும் இருப்பதால் ஆபத்து இராது என நினைக்கிறோம். சரிதானே? – களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை மூன்று தடவை வாசித்தேன். இரும்பைத் தவிர்ப்பதனால் ஆபத்துக் குறையும் என்று நீங்கள் நினைப்பது முற்றிலும் தலைகீழான கணக்கு. அது ஏன் என்று விளங்க வேண்டுமானால், கருவி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கருவியின் அடியிலுள்ள வட்டத் தட்டுக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளில் மாறிமாறி ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அப்புலம் உலோகத்தைத் தொட்டதும் அந்த உலோகத்துக்குள் சிறு சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை உண்டாக்கும் எதிர்ப்புலத்தை மற்றைய சுருள் பிடித்து ஒலியாக மாற்றுகிறது. எதிர்ப்புலம் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை அளந்து, இது இரும்பாக இருக்கலாம், இது செம்பாக இருக்கலாம் என்று கருவி ஊகிக்கிறது. ஊகம்தான், தம்பி. மெல்லிய தங்க மோதிரமும் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளும் ஏறக்குறைய ஒரே ஒலியைத் தரும். பெரிய இரும்புத் துண்டு சில வேளைகளில் வெள்ளிக்குரிய ஒலியையே தந்துவிடும்.

பொழுதுபோக்காகத் தேடுபவர்கள் ஆணிகளாலும் தகரத் துண்டுகளாலும் தொல்லைப்படாமல் இருப்பதற்காக இரும்பின் ஒலியை நிறுத்திவைக்கிறார்கள். ஆனால் எமது மண்ணில் புதைந்திருக்கும் மோட்டார் எறிகணையின் உடல் எதனால் ஆனது? இரும்பு. ஆர்ட்டிலறிச் செல்லும் இரும்பு, கைக்குண்டின் ஓடும் பெரும்பாலும் இரும்பு. நீங்கள் அந்த ஒலியை ஊமையாக்கிவிட்டு, பக்கத்தில் கிடக்கும் ஒரு பித்தளைக் கோதுக்காக மண்வெட்டியை ஓங்குகிறீர்கள். கருவி இல்லாமல் போகின்றவன் பயந்து பயந்து கால் வைப்பான். ஊமைக் கருவியோடு போகின்றவனோ, ஒலி வரவில்லை என்ற தைரியத்தில் வெட்டுவான்.

மிதிவெடியின் கதை வேறு. இந்த நாட்டில் புதைக்கப்பட்ட மிதிவெடிகளில் பல பிளாஸ்ரிக் உடல் கொண்டவை; பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 வகையை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள உலோகம் குமிழ்முனைப் பேனைக்குள் இருக்கும் சுருள்கம்பி அளவுதான். புலிகள் செய்த ஜொனி வெடிகளில் மரப்பெட்டியால் ஆனவையும் இருந்தன. இவற்றைக் கண்டுபிடிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவிகளையே நாங்கள் பாவித்தோம். அவற்றையும் ஒவ்வொரு நாள் காலையிலும், வேலை தொடங்குவதற்கு முன்பு, ஒரு மாதிரித் துண்டைக் குறித்த ஆழத்தில் வைத்துப் பார்த்து ஒலி சரியாக வந்த பின்னர்தான் வெடி தேடுவதற்கென அடையாளமிட்ட ஒழுங்கைக்குள் இறங்குவோம். கடற்கரையில் காசு தேடச் செய்த கருவிக்கு அந்தப் பேனைக் கம்பி கேட்காமல் போவதில் வியப்பில்லை.

மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி அற்றதாக 2017 இல் அறிவிக்கப்பட்டது உண்மை. அந்த அறிவிப்புக்குப் பின்னால் எமது மாவட்டத்துப் பெண்களும் ஆண்களும் வெயிலில் கவசம் அணிந்து வேலை செய்த ஆண்டுகள் இருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அறியப்பட்ட மிதிவெடிப் பரப்புகள் வரையறுத்த ஆழம் வரை துப்புரவாக்கப்பட்டன என்பதே அதன் பொருள். வானிலிருந்து விழுந்து சேற்றில் இறங்கி வெடிக்காமல் போன குண்டும், எங்கோ இருந்து ஏவப்பட்டு எங்கோ விழுந்த பல்குழல் எறிகணையும் எந்த வரைபடத்திலும் இல்லை. புலிகளிடம் இருந்த குடும்பிமலை 2007 ஜூலை 11 அன்று படையினர் வசமானது; அதற்கு முந்திய மாதங்களில் அந்தக் காட்டுக்குள் என்னென்ன விழுந்தன என்பதை வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். போதாக்குறைக்கு, மாரி வெள்ளம் மேலே கிடந்ததைப் பள்ளத்துக்குக் கொண்டுபோகிறது, மேட்டில் புதைந்ததை அரித்து வெளியே விடுகிறது. குளம் தூர்வாரும் இயந்திரமும் இதைத்தான் செய்கிறது. வெடிமருந்து அதற்குள் பழுதாகியிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், டி.என்.டி. என்னும் வெடிமருந்து தண்ணீரில் எளிதில் கரைவதில்லை, பல பத்தாண்டுகள் சென்றாலும் தன் வலுவை இழப்பதுமில்லை. வெடிப்பிக்கும் முனையிலுள்ள கம்பிச்சுருளோ துருப்பிடித்து, சும்மா தொட்டாலே விடுபடும் நிலைக்கு வந்திருக்கலாம்.

நீங்கள் பார்த்த காணொளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1914–18 போரில் வெடிக்காமல் போன எறிகணைகளைப் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் உழவர்கள் இன்றும் ஆண்டுதோறும் கலப்பையால் கிளப்புகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘இரும்பு அறுவடை’. 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்துக் கட்டடத் தளமொன்றில், ஏறக்குறைய நூறாண்டு மண்ணுக்குள் கிடந்த எறிகணை வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். பிரான்ஸில் வரலாற்றுப் பொருள் தேடுவதற்கு உலோகம் தேடும் கருவியைப் பாவிப்பதானால் அரச அதிகாரியின் அனுமதி வேண்டும். காணொளியில் தலைக்கவசம் வரும், அனுமதிப் பத்திரம் வராது.

இறுதியாக, ஒலி வந்த இடத்தை நாங்கள் எப்படித் தோண்டினோம் என்பதைச் சொல்கிறேன். உங்கள் நண்பர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒலி வரும் புள்ளிக்கு அடையாளம் வைத்து, அதற்கு முன்னே ஒரு சாண் தள்ளி, கைக்கரண்டியால் மண்ணைச் சீவிச் சீவி, பக்கவாட்டில் அதை அணுகுவோம். மிதிவெடியின் அழுத்தத் தட்டு மேலே பார்த்திருக்கும். ஆகவே மேலிருந்து ஒருபோதும் அழுத்தக் கூடாது. ஒரு முழக் குழிக்கு அரை மணித்தியாலம் செல்லும். ஒருநாள் காலை முழுவதும் எனக்குக் கிடைத்தவை: டின்மீன் மூடி மூன்று, சைக்கிள் பிரேக் கம்பி, ரவைக் கோதுகள் ஒரு கை, பிள்ளையின் காற்சலங்கை மணி ஒன்று. மத்தியானத்துக்குச் சற்று முன்னர் வந்த ஒலியும் அதே ஒலிதான். காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சீவிக்கொண்டு போனபோது பச்சை நிறப் பிளாஸ்ரிக்கின் விளிம்பு, நகத்தின் பிறை அளவில் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டு எழுந்து பின்னே நடந்தேன். உங்களில் ஒருவர் அந்த இடத்தில் மண்வெட்டியோடு நின்றிருப்பார், மற்ற மூவரும் சுற்றி நின்று கைத்தொலைபேசியில் படம் பிடித்திருப்பீர்கள்.

குடும்பிமலைக்குப் போக வேண்டாம். அது வனப் பகுதியும்கூட. ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி மண் தோண்டுவது வனக் கட்டளைச்சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். யானையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: எனது சொந்த உறுதிக் காணியில், எனது செலவில் தோண்டினால் யார் என்ன கேட்க முடியும்? எங்கள் வாப்பாவின் காலத்தில் அந்த வளவில் ஒல்லாந்தர் காசு கிடைத்ததாகச் சொல்வார்கள். – அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கேட்க முடியும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2 என்ற நாளை எல்லையாக வைத்து, அதற்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள் எவருடைய காணிக்குள் கிடந்தாலும் அரசின் உடைமை. தொல்பொருளைத் தேடித் தோண்டுவதற்கு, சொந்தக் காணியாக இருந்தாலும், தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் உரிமம் வேண்டும். கத்தரிக்குக் கிண்டும்போது தற்செயலாக ஒன்று கிடைத்தால் அது குற்றமாகாது. ஆனால் அறிவிக்க வேண்டும், விற்கக் கூடாது.

ஒல்லாந்தர் காசு உங்கள் பகுதியில் கிடைப்பதில் அதிசயமில்லை. மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள், 1638 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதற்கோட்டை அதுதான். அதற்குப் பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்களுடைய செப்புக்காசு இந்தக் கரையில் புழங்கியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிழக்கில் 2020 இல் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்ட பின்னர், ‘தொல்பொருள்’ என்ற சொல்லைக் கேட்டாலே காணிக்காரனுக்கு வயிறு கலங்குகிறது. ஒரு காசை அறிவித்தால் வளவே போய்விடும் என்று அஞ்சி ஆற்றில் எறிந்தவரை நான் அறிவேன். அந்த அச்சம் வெறும் மனப்பிரமை என்று நான் சொல்லமாட்டேன். அதனாலேயே, இரவில் கருவியோடு வளவில் குழி தோண்டி, புதையல் தோண்டியதாகப் பொலிஸில் ஒரு வழக்கையும் நீங்களாகவே தேடிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: வீட்டைத் திருத்தும்போது அத்திவாரத்துக்கு அருகில் ஒரு பை நிறைய ரவைக் கோதுகளும், முனையோடு கூடிய முழு ரவைகள் இரண்டும் கிடைத்தன. கோதுகளைத் துலக்கிக் கண்ணாடி அலுமாரியில் வைத்துள்ளோம். ஒரு ரவை மேசையில் தாள் பறக்காமல் வைக்க உதவுகிறது. இவற்றை வைத்திருக்கலாமா? – கல்முனையிலிருந்து ஒரு வாசகி

பதில்: மேசையிலுள்ள ரவையை இனித் தொடாதீர்கள் அம்மா. பிள்ளைகள் அந்த அறைக்குள் போகாதவாறு கதவைச் சாத்திவிட்டு மீதியை வாசியுங்கள்.

சுடப்பட்ட கோதில் முனை இராது, வாய் திறந்திருக்கும், அடியின் நடுவிலுள்ள சிறு வட்டத்தில் ஊசி குத்திய பள்ளம் தெரியும். முனையோடு இருப்பது, எவ்வளவு கறுத்து இருந்தாலும், உயிருள்ள ரவை. சுத்தியலால் தட்டுவதும், அடுப்புக்கு அருகில் வைப்பதும், பித்தளைக்காக அரிவதும் கை விரல்களைக் கொண்டுபோகும். சட்டத்தைப் பார்த்தால், 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம் துவக்கோடு நில்லாமல் ரவையையும் கட்டுப்படுத்துகிறது. வெடிபொருளுக்கு 1956 இன் 21 ஆம் இலக்கச் சட்டமும், கைக்குண்டு போன்றவற்றுக்கு 1966 இன் 18 ஆம் இலக்கத் தாக்குதல் ஆயுதச் சட்டமும் உள்ளன. ‘கண்டெடுத்தேன், அழகுக்கு வைத்தேன்’ என்பது நீதிமன்றத்தில் எடுபடும் மறுமொழி அல்ல. வெற்றுக் கோதுகளையும் அவற்றோடு சேர்த்தே ஒப்படைத்துவிடுங்கள். அலுமாரிக்கு வேறு சாமான் கிடைக்கும்.

எப்படி ஒப்படைப்பது என்பதுதான் எமது மக்களுக்கு உள்ள மெய்யான சிக்கல். ரவையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பொலிஸுக்குப் போகாதீர்கள். வழியில் சோதனைக்கு அகப்பட்டால் விளக்கம் சொல்ல இயலாது. கிடந்த இடத்தில் விட்டுவிட்டு, 119 இலக்கத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ தொலைபேசியில் அறிவியுங்கள்; அழைத்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்; கிராம உத்தியோகத்தருக்கும் தெரிவித்து, அவரையோ பள்ளிவாசல் அல்லது கோயில் நிருவாகத்தில் ஒருவரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். நான் பணிக்குச் சேர்வதற்கு முந்திய காலத்தில், எங்கள் வயல் வரம்பில் கிடந்த ஒரு செல்லைப் பற்றி அறிவித்த எனது அண்ணனை, அதை முதலில் கண்டவர் என்ற ஒரே காரணத்துக்காக மூன்று நாட்கள் ஒரு நிலையத்துக்கு அலைய வைத்தார்கள். அடுத்த போகத்தில் இன்னொன்று வரம்பில் தெரிந்தபோது அவர் யாருக்கும் சொல்லவில்லை. மண்ணைப் போட்டு மூடிவிட்டு உழவை ஒரு பாகம் தள்ளி உழுதார். கேட்டுக் கேட்டு அலைக்கழிப்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இப்போது நிலைமை அந்த அளவுக்கு இல்லை. பொலிஸார் அறிவித்ததும் விசேட அதிரடிப்படையின் அல்லது இராணுவத்தின் குண்டு செயலிழக்கச் செய்யும் குழுவினர் வந்து எடுத்துச் செல்கிறார்கள். சாட்சியோடு அறிவிப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: ஐந்து இலட்சம் ரூபாவுக்கு ஒரு ஸ்கானர் விற்பனைக்கு உள்ளது. 500 மீற்றர் தொலைவிலுள்ள தங்கத்தை அதன் அன்ரெனா திரும்பிக் காட்டுமாம். வாங்கலாமா? – ஏறாவூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். நல்ல கருவிக்கே ஒரு காசு கேட்கும் ஆழம் ஒரு சாண், மிஞ்சினால் சற்று அதிகம். அன்ரெனா திரும்புவது உங்கள் மணிக்கட்டின் சாய்வினால். இதே தந்திரத்தில், கைப்பிடியும் அன்ரெனாவும் மட்டுமே கொண்ட ஏ.டி.ஈ. 651 என்ற போலிக் கருவியைக் குண்டு கண்டுபிடிக்கும் சாதனம் என்று ஈராக்குக்கு விற்ற பிரித்தானியருக்கு 2013 இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. சோதனைச் சாவடிகளில் அதை நம்பியிருந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஹேர்மிஸ் கப்பல் எங்கள் கடலில்தான் கிடக்கிறது. சுழியோடும் நண்பர்களோடு போய், நீருக்கடியில் பாவிக்கும் கருவியால் தேடி, ஞாபகத்துக்கு ஏதாவது ஒரு சிறு பொருளை எடுத்துவரலாமா? அது உலகப்போர்க் காலத்தது என்பதால் 1815 சட்டத்துக்குள் வராதே? – கல்லடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: 1815 சட்டத்துக்குள் வராது என்பதைச் சரியாகக் கணித்துள்ளீர்கள். ஆனால் போர்க்கப்பல் மூழ்கினாலும் அது தன் கொடிக்குரிய நாட்டின் உடைமையாகவே நீடிக்கிறது என்பது நாடுகளுக்கிடையே ஏற்கப்பட்ட வழக்கம். அதைவிடப் பெரிய காரணம், அது ஒரு சவக்குழி.

விமானந்தாங்கிக் கப்பலாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற்கப்பல் பிரித்தானியாவின் ஹேர்மிஸ். 1942 ஏப்ரல் 5 அன்று, ஈஸ்டர் ஞாயிறில், கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கப்பற்படை அடுத்துத் திருகோணமலைக்கு வருகிறது என்ற எச்சரிக்கை கிடைத்ததும், 8 ஆம் திகதி இரவு ஹேர்மிஸ் துறைமுகத்தை விட்டு வெளியேறித் தெற்கே வந்தது. விமானந்தாங்கிக் கப்பலில் அன்றைக்கு ஒரு விமானம்கூட இல்லை. அவை கரையில் நின்றன. 9 ஆம் திகதி திரும்பிச் செல்லும் வழியில் மட்டக்களப்புக்கு நேரே ஜப்பானிய விமானங்கள் சூழ்ந்து, சில நிமிடங்களுக்குள் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். கூடவே வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும், பிரிட்டிஷ் சார்ஜன்ட் உள்ளிட்ட எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் இதே கரையோரத்தில் மூழ்கின. அருகில் இருந்த வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. தூக்கப்படாதவர்கள் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர். சிறப்புப் பயிற்சியும் அதற்கேற்ற வாயுக் கலவையும் இல்லாமல் அங்கே இறங்குவது வேறு விதமான தற்கொலை. பயிற்சி உள்ளவர்கள், கடல் அடங்கியிருக்கும் சித்திரை முதல் ஆவணி வரையான மாதங்களில் போய்ப் பார்த்து வருகிறார்கள். பாருங்கள், படம் எடுங்கள். விமான எதிர்ப்புத் துவக்கின் ரவைகள் இப்போதும் அங்கே கிடப்பதால், கை வைக்காமல் இருப்பது உங்கள் உடலுக்கும் நல்லது.

கேள்வி: பழைய காவலரண் இருந்த மேட்டில் கருவியால் தேடியபோது ஒரு இடுப்புப்பட்டியின் கொளுக்கி கிடைத்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியபோது துணித் துண்டும் எலும்பு போன்ற ஒன்றும் தெரிந்தன. பயத்தில் மூடிவிட்டு வந்துவிட்டோம். கொளுக்கி மட்டும் எங்களிடம் உள்ளது. என்ன செய்வது? – பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், அம்பாறை மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தை வாசித்த பின்னர், மற்றக் கடிதங்களைக் கையில் எடுக்க எனக்கு நேரம் எடுத்தது. மூடிவிட்டு வந்தது நல்லது. கொளுக்கியை எடுத்து வந்தது நல்லதல்ல. அதைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். ஒரு கடதாசிப் பையில் வையுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை ஞாபகம் இருக்கும்போதே தாளில் கீறிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குச் சென்று முறைப்பாடாகப் பதிவு செய்யுங்கள். அவர்கள் நீதவானுக்கு அறிவிக்க வேண்டும், நீதவானின் உத்தரவின் பேரில் சட்ட வைத்திய அதிகாரி முன்னிலையில்தான் அந்த இடம் தோண்டப்பட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், எமது கரையில் மண் என்பது பல இடங்களில் சாட்சி. 1990 இல் சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட தமிழர்களின் உறவுகளும், அதே ஆண்டு குருக்கள்மடத்தில் கொன்று புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் முஸ்லிம்களின் உறவுகளும் இன்றும் விடை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓர் எலும்பு யாருடையது என்பதைச் சொல்ல உதவுவது அதனோடு அதே இடத்தில் கிடந்த பொத்தான், செருப்பு வார், சாவி, தகடு ஆகியவைதான். அவற்றை இடம் பெயர்த்துவிட்டால், ஆய்வுகூடத்தில் எவ்வளவு நுட்பமான கருவி இருந்தாலும் அந்தத் தொடர்பு திரும்ப வராது. உங்கள் கையிலுள்ள கொளுக்கியை ஒரு தாய் பார்த்தால், தானே ஊசி கோத்துத் தைத்த வார் அது என்று சொல்லக்கூடும். அது படையினனின் தாயாகவும் இருக்கலாம், போராளியின் தாயாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாத ஒருவனின் தாயாகவும் இருக்கலாம். நாளைக்கே போங்கள். நண்பர்களில் எவரும் படத்தை முகநூலில் போட வேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறீர்களே ஐயா, வாங்கிய கருவியை என்னதான் செய்வது? – மேற்படி களுவாஞ்சிகுடி வாசகரின் நண்பர் (இவருடைய கடிதம் தனியாக வந்தது)

பதில்: மச்சானிடம் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதத்தான் முதலில் பேனையை எடுத்தேன். பிறகு, நாவற்குடாப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை கல்யாண மோதிரத்தைக் கடற்கரையில் தவறவிட்டு அழுததும், தெரிந்த பையன் ஒருவன் ஒரு மணித்தியாலத்தில் எடுத்துக் கொடுத்ததும் ஞாபகம் வந்தன.

நாள்தோறும் கரைவலை இழுக்கும், பிள்ளைகள் பந்தடிக்கும் கடற்கரைகளில், பகலில், உள்ளூராட்சி மன்றத்திடம் கேட்டுக்கொண்டு தேடலாம். படைமுகாம், பழைய காவலரண், மண் அணை இருந்த இடங்களைச் சுற்றியும் போகாதீர்கள். இரும்பின் ஒலியைத் திறந்தே வையுங்கள். ஈர மணலில் உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் கருவி காரணமின்றிக் கத்தும். உணர்திறனைக் குறைத்து, தட்டை மணலோடு ஒட்டினாற்போல் மெதுவாக ஓட்ட வேண்டும். மண்வெட்டி வேண்டாம்; சல்லடையும் அகப்பையும் போதும். வந்த ஒலி உள்ளங்கையை விட அகலமாகப் பரவினால் தோண்டாமல் கடந்து செல்லுங்கள். தோண்டிய குழியை மூடுங்கள், இரவில் ஆமை ஏறும் கரை அது.

நகை கிடைத்தால் உங்களுடையது என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியிலும் கல்லடியிலும் கடல் கொண்டுபோன தாலிகளும் காப்புகளும் இன்னமும் அந்த மணலுக்குள் இருக்கின்றன. பொலிஸில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஊர்க் கோயிலிலும் பள்ளிவாசலிலும் அறிவிக்கச் சொல்லுங்கள். அறிவிக்கும்போது பொருளின் அடையாளத்தை முழுமையாகச் சொல்லாதீர்கள், உரியவர் சொல்லட்டும்.

காசைப் பொறுத்தவரை, உங்கள் கைக்கு அதிகம் வரப்போவது பிரித்தானியர் காலச் சதங்கள். மூலை மழுங்கிய சதுர ஐந்து சதத்தை உங்கள் அம்மம்மா பார்த்ததும் சொல்லிவிடுவார். விளிம்பு அலை அலையாக வளைந்து, 1944 என்ற ஆண்டோடு ஒரு மஞ்சள் நிற இரண்டு சதம் கிடைத்தால், அது நீங்கள் தேடிய உலகப்போர்க் காலத்துப் பொருளேதான். ஹேர்மிஸ் மூழ்கி இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், போர் முடியுமுன் எங்கோ ஒரு கடையில் கைமாறியது. அதை வெறும் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய தூரிகையால் மண்ணை மட்டும் நீக்குங்கள். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் மூக்கு போய்விடும். எங்கள் வீட்டில் அப்படி மூக்கில்லாத மன்னர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள்.